வாடை இல்லாத பை

அந்தப் பையை முதலில் பாராட்டியவள் நான்தான். அதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் யோக்கியமாக இருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை. சிவகாசியில் ஒரு மிட்டாய்க் கம்பெனியில் மாதிரி எடுக்கும் வேலை எனக்கு. பத்தரை மணிக்கே முடிந்துவிட்டது. மதுரைக்குத் திரும்பி ஆய்வகத்தில் உட்கார மனமில்லாமல், விஸ்வநத்தத்தைத் தாண்டியிருக்கும் ஓர் ஊருக்குக் காரை விட்டேன். அங்கே ஏழு பெண்கள் சேர்ந்து சத்துமாவு அரைத்து விற்கிறார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு போய் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். சொல்லாமல் கொள்ளாமல் வேலை நாளில் போனது அதுதான் முதல் தடவை.

பின்பக்கக் கொடியில் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் பைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டை கொள்ளும். விரலில் தேய்த்துப் பார்த்தேன். நல்ல கனம். தையலே இல்லை, அடியில் சூடுவைத்து ஒட்டியது. மோந்து பார்த்தேன், எந்த வாடையும் இல்லை. மாவு கெடாமல் இருந்ததன் ரகசியம் இதுதானா என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

“இம்புட்டு நல்ல பைய எங்க பிடிச்சீக?” என்று கேட்டேன்.

மாவு சலித்துக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள். “கம்பெனிப் பைதான் மேடம். பச்சை உப்பு மூட்டைக்குள்ள வருமில்ல, அந்த உள்பை.”

பச்சை உப்பு என்றால் பட்டாசில் பச்சை வெளிச்சம் வருவதற்காகச் சேர்க்கும் வெள்ளைத் தூள். நான் படித்த புத்தகத்தில் அதன் பெயர் பேரியம் நைட்ரேட். தண்ணீரில் கரையும். வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் இருக்கவேண்டிய பொட்டாசியத்தை இறக்கி, கை கால்களைத் துவளவைத்து, இதயத்தில் கைவைக்கும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

அந்தப் பையில் இருந்த மாவைத்தான் மூன்று வாரமாக என் தங்கை தன் ஏழு மாதக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

விருதுநகரில் எங்கள் அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், பருப்பு மண்டி வைத்திருந்தார். மூட்டை இறங்கும்போது குத்தூசியைச் செருகி உள்ளேயிருந்து பருப்பை எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கும் முன்னால் சாக்கை மோந்து பார்ப்பார்கள். உரச் சாக்கில் வந்த பருப்பு எங்கள் வாசலைத் தாண்டாது. அந்த வீட்டில் பிறந்து, உணவு அறிவியல் படிக்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது அத்தா சிரித்தார். “திங்கிறதுக்குக்கூடவா படிப்பு இருக்கு? நாங்கள்லாம் படிக்காமயே தின்னு தீத்துட்டோமே” என்றார். நான் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இன்றும் அப்படித்தான். என்னோடு வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

படிப்பை முடித்து ஆய்வகத்தில் சேர்ந்தபோது ஊரைத் திருத்தப்போகிறோம் என்ற நினைப்பு எனக்கு. நடந்தது வேறு. மிளகாய்த்தூளில் சாயம், எண்ணெயில் கலப்படம், ஏற்றுமதிக்கு முத்திரை. யாரோ அனுப்பும் பொட்டலத்தை அளந்து, யாருக்கோ காகிதம் கொடுப்பது. அந்தக் காகிதத்தைப் படித்தவர் திருந்தினாரா, கிழித்துப் போட்டாரா என்று தெரியாது. பதினைந்து வருடம் இப்படியே போனபிறகு, சூலக்கரையில் ஓர் அரசு அலுவலகக் கூட்டத்தில் இந்த ஏழு பேரையும் பார்த்தேன். சிறுதானியத்தில் சத்துமாவு போட விரும்புகிறோம், சொல்லித்தர ஆள் வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார்கள். நான் போகிறேன் என்று கையைத் தூக்கிவிட்டேன். என் படிப்பு ஒருவழியாக ஒரு வயிற்றுக்குப் போய்ச் சேரப்போகிறது என்று அன்று இரவு தங்கையிடம் போனில் பேசிப் பேசி அவள் காதைப் புண்ணாக்கினேன்.

ஏழு பேரும் பட்டாசுக் கம்பெனி வேலைக்காரர்கள். வாரத்தில் நாலு நாள் கம்பெனி, மற்ற நாள் மாவு. மாவு தன் காலில் நின்றதும் கம்பெனியை விட்டுவிடுவது என்று பேச்சு. குழுவுக்குத் தலைவியாக இருந்தவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூடுதல் இருக்கும். இருபது வருடமாகக் கம்பெனியில் மருந்து சலிக்கிறவர். பட்டாசுக்குள் போகும் தூள்களை அந்தப் பக்கம் மருந்து என்றுதான் சொல்வார்கள். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளும் கம்பெனியில்தான் இருக்கிறாள். சின்னவளுக்குப் பத்தொன்பது வயது. முதல் நாளே தலைவி என்னிடம் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார்.

“எனக்கு லாபமெல்லாம் ரெண்டாவது மேடம். சின்னவ மருந்தத் தொடக்கூடாது. அவளுக்கு ஒரு வேல வேணும். அதுக்குத்தான் இம்புட்டும்.”

அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் நான் வாயைப் பிளந்ததுதான் அதிகம். வறுத்த கம்பைக் காயப்போடச் சொன்னால் அளவெடுத்த மாதிரி சன்னமாகப் பரப்புவார்கள். வானம் மூட்டம் போட்டால் ஒரு பேச்சும் இல்லாமல் அள்ளிவிடுவார்கள். பாத்திரத்தைத் தரையில் இழுக்கவே மாட்டார்கள், இரண்டு பேர் சேர்ந்து தூக்கித்தான் வைப்பார்கள். இரும்புக் கரண்டி அந்த இடத்தில் கிடையாது, எல்லாம் மரம். கம்பெனியில் ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது. இங்கேயும் யாரும் சொல்லாமலே நாலு பேர் ஓர் அறையிலும் மூன்று பேர் பக்கத்து அறையிலும் உட்காருவார்கள்.

“இது கம்புதான், வெடிக்காது” என்று நான் கேலி செய்தேன்.

“கைக்கு அது தெரியாதுல்ல மேடம்” என்று தலைவி சிரித்தார்.

இரண்டாவது ஞாயிறு கை சுத்தம் பற்றிப் பாடம் எடுத்தேன். கிருமி, நகம், சோப்பு, எல்லாம். எல்லோரும் நகத்தை வெட்டிவிட்டு வந்தார்கள். தலைவியின் நகக்கண்ணில் மட்டும் வெள்ளி மாதிரி ஒரு மினுக்கம் போகவில்லை. அலுமினியப் பவுடர், அது அப்படித்தான், போகாது என்றார். சரி என்று விட்டுவிட்டேன். பிறகு பாக்கெட்டுக்கு லேபிள் அடிக்கவேண்டி வந்தபோது, அவர் உள்ளங்கையில் மாவை வைத்து நீட்டுகிற மாதிரி நானே போட்டோ எடுத்தேன். அச்சாபீஸ்காரர் அந்த மினுக்கத்தைக் கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டு, இப்போ பளிச்சென்று இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, அடியுங்கள் என்றேன்.

ஐப்பசி மழையில்தான் முதல் அடி விழுந்தது. மாவு கட்டி தட்டி, பூஞ்சை வாடை அடித்து, வண்டும் விழுந்துவிட்டது. சாத்தூர்க் கடைக்காரர் ஒருவர் அவ்வளவு பாக்கெட்டையும் திருப்பி அனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு முகமும் தொங்கிப்போய் இருந்தன. சின்னவள் மட்டும் திருப்பி வந்த பாக்கெட்டுகளைப் பிரித்து மாட்டுக்குத் தவிடோடு கலந்துகொண்டிருந்தாள். அடுத்த மாதம் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம் என்று அவள் சொன்னதும் தலைவி “வாய மூடுடி” என்று அதட்டினார்.

நான் கரும்பலகை இல்லாத குறையாகப் பாடம் நடத்தினேன். மாவுக்கு எதிரி ஈரம். அரைத்து ஆறியதும் பாக்கெட் போடும் நாள்வரை ஈரம் புகாத பையில் கட்டிவைக்க வேண்டும். உணவுக்கென்றே அப்படிப்பட்ட பை மதுரையில் கிடைக்கும். மொத்தமாகத்தான் கொடுப்பார்கள், அடுத்த தடவை நானே வாங்கிவருகிறேன் என்றேன். அதுவரைக்கும் என்ன செய்ய என்று தலைவி கேட்டார்.

இந்த இடத்தில் நான் சொன்ன சொல் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. விரலை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு சொன்னேன்.

“ஈரம் புகக்கூடாது. வாடை இருக்கக்கூடாது. சாயம் விடக்கூடாது. இந்த மூணும் சரியா இருந்தா எந்தப் பைன்னாலும் போடுங்க. மூணு தரம் கழுவிக் காய வச்சுக்கிடுங்க.”

எந்தப் பைன்னாலும். பெரிய படிப்புப் படித்தவள் வாயிலிருந்து வந்தது அது. மதுரைப் பையை அடுத்த தடவையும் வாங்கவில்லை, அதற்கடுத்த தடவையும் வாங்கவில்லை. மறந்துபோனேன். சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

வாங்காமலே காரியம் நடந்துவிட்டதால் ஞாபகமும் வரவில்லை. அடுத்து வந்த மாவு பொலபொலவென்று இருந்தது. ஆய்வகத்தில் வைத்து ஈரப்பதம் பார்த்தேன். பெரிய கம்பெனி மாவு தோற்றுப்போகும். ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன், அசையவில்லை. எதில் கட்டி வைத்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. மாவைப் பார்த்தேன், மாவை அளந்தேன், மாவை மெச்சினேன். சாக்கை மோந்து பார்க்கிற வீட்டில் பிறந்தவள் நான். மோந்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

தங்கைக்கு அப்போதுதான் பிள்ளைக்குத் திட உணவு ஆரம்பிக்கிற நேரம். டப்பாவில் விற்கிறதை வாங்கப்போனவளைத் தடுத்து, என் மாவு இருக்கும்போது அது எதற்கு என்று இரண்டு கிலோவைக் கொடுத்தேன். பிள்ளை சப்புக்கொட்டிக் குடிக்கிறான் என்று அவள் வீடியோ அனுப்பினாள். அதை ஆய்வகத்தில் எல்லோருக்கும் காட்டினேன்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு ஆட்கள் வந்து எட்டிப்பார்த்தார்கள். “விஷத்துப் பையிலயா மாவக் கொட்டி வச்சீக? பிள்ளைக திங்கிற மாவு! கொஞ்சமாச்சும் யோசிக்க வேண்டாமா?” என்று கத்தினேன். சலித்துக்கொண்டிருந்த பெண் சல்லடையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். தலைவி உள்ளேயிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தார். அன்று அவருக்குக் கம்பெனி இல்லாத நாள்.

“என்ன மேடம், என்ன ஆச்சு?”

கொடியைக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. என் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, பரீட்சையில் சரியாக எழுதியும் அடிவாங்கியவர் மாதிரி, நிதானமாகச் சொல்லத் தொடங்கினார்.

“நீங்க சொன்ன மூணும் இதுல இருக்கே மேடம். நாங்க என்ன கண்ணை மூடிக்கிட்டா எடுத்தோம்? கந்தகப் பைய மொதல்லயே ஒதுக்கிட்டோம், நாத்தம். அலுமினியப் பவுடர் பை எம்புட்டு களுவுனாலும் வெள்ளி வெள்ளியா ஒட்டும், அதுவும் வேணாம்னுட்டோம். இது ஒண்ணுதான் வாடையும் இல்ல, சாயமும் இல்ல. மூணு தரம் சொன்னீக, நாங்க அஞ்சு தரம் களுவிருக்கோம்.”

அவர் சொன்னது அவ்வளவும் சரி. நாற்றம் அடிப்பது விஷம், கையில் ஒட்டுவது விஷம், இரண்டும் இல்லாதது சுத்தம் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தது நான். அலசிப் பார்த்து, ஆராய்ந்து, இருப்பதிலேயே மோசமான பையை என் பாடத்தின்படி தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

பை எப்படி வந்தது என்று கேட்டேன். தீபாவளிக்கு முன் கடைசி லோடு போனதும், சீசன் முடிந்த சந்தோஷத்துக்கு ஸ்வீட் பாக்கெட்டோடு காலி உள்பைகளையும் பெண்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம். நாலு உள்பை கூடக் கிடைத்தால் பெரிய விஷயம். வீட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். அரிசி அந்தப் பையில். வத்தல் அந்தப் பையில். ரேஷன் கார்டும் சின்னவளின் பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டும் அந்தப் பையில் சுருட்டி, பரணில் இருந்தன. அந்த உப்புக்குத் தடை என்று பேப்பரில் படித்திருக்கிறேன். பைக்குத் தடை இருப்பதாக அந்த வீட்டில் தெரியவில்லை.

ஒரு பையைத் தலைகீழாகத் திருப்பினேன். அடியில், சூடுவைத்து ஒட்டிய மூலை மடிப்புக்குள், நகத்தால் சுரண்டினால் வருகிற அளவுக்கு வெள்ளையாக ஒரு கோடு. அஞ்சு தரம் கழுவியும் தண்ணீர் அதற்குள் போகவில்லை.

தங்கைக்குப் போன் போட்டேன். இரண்டு முறை வேறு யாருக்கோ போனது. “பிள்ளைக்குக் கஞ்சி குடுத்தியா?” என்றேன்.

“இப்பத்தான் குடிச்சு முடிச்சான். ஏன் அக்கா?”

“மாவ எடுத்து வையி. கீழ கொட்டிராத, எனக்கு வேணும். பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு. நான் வந்துர்றேன்.”

“அக்கா, என்ன குடுத்த எம்பிள்ளைக்கு?”

அவள் அப்படிக் கேட்டது நியாயம்தான். அதற்குப் பிறகு விருதுநகர் வரைக்கும் நான் எப்படி வண்டி ஓட்டினேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனது மட்டும் தெரியும். டாக்டரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பிள்ளையின் நெஞ்சில் வயர்களை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுக்கும்போது அவன் வீறிட்டான், தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை. ரிசல்ட் வரும்வரை அவனுடைய காலை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் என்னை உதைத்தான். உதைக்க உதைக்க எனக்கு உயிர் வந்தது. துவண்டுபோகிற கால் அப்படி உதைக்காது.

பொட்டாசியம் சரியாக இருந்தது. இதயமும் சரி. போன அளவு கொஞ்சமாகத்தான் இருக்கவேண்டும், இனிமேல் கொடுக்காதீர்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை பார்ப்போம் என்றார் டாக்டர். ஒரு வாரம் கழித்தும் சரியாகவே இருந்தது. தங்கை அதற்குப் பிறகுதான் என்னோடு பேசினாள்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்த ஏழு பேரும் செய்ததையும் சொல்ல வேண்டும். நான் போன் பண்ணிச் சொன்னது ஒரே வரி, விற்ற பாக்கெட் அவ்வளவும் திரும்பி வரவேண்டும் என்று. அச்சங்குளம் வரைக்கும் பஸ் பிடித்துப் போயிருக்கிறார்கள். வீடு வீடாக ஏறி, எங்கள் மாவில் தப்பு நடந்துவிட்டது, குடிக்காதீர்கள், பிள்ளைக்கு மேலுக்கு முடியவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லியிருக்கிறார்கள். திட்டும் வாங்கியிருக்கிறார்கள். பெரிய கம்பெனி எதுவும் இப்படி ஒரு காரியத்தைச் செய்து நான் பார்த்ததில்லை. யாருக்கும் எதுவும் ஆகியிருக்கவில்லை.

ஆய்வகத்தில் மாவைப் போட்டுப் பார்த்தோம். பையின் மேல் பக்கத்து மாவில் பேரியம் லேசாக இருந்தது. அடி மாவில் இருக்கக்கூடாத அளவுக்கு இருந்தது. மடிப்பில் ஒட்டியிருந்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்த ஞாயிறு, ரிப்போர்ட்டும் மதுரையில் வாங்கிய புதுப் பைகளுமாகப் போனேன். போகிற வழியெல்லாம் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டேன். தப்பு என்னுடையது என்று ஆரம்பிப்பது, பிறகு பேரியம் என்றால் என்ன என்று விளக்குவது, இனி எப்படி என்று முடிப்பது. அப்படியே பேசினேன். உடம்பை என்னென்ன செய்யும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ஏழு பேரும் அசையாமல் கேட்டார்கள். எனக்குக்கூட நன்றாகப் பேசுகிறோம் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது.

தலைவி ஒரு சந்தேகம் என்றார்.

“பையோட அடியில ஒட்டியிருந்த துளி மாவுல ஏறி, அது வயித்துக்குள்ள போனாலே ஆகாதுன்னு சொல்றீக. சரி. அந்த மூட்டையப் பிரிச்சு, கையால அள்ளி, சலிக்கிறது நான்தான மேடம்? இருபது வருசமா. மத்தியானம் மணி அடிச்சதும் தூக்குச்சட்டியத் தெறந்து அந்தக் கையாலதான சோத்தப் பிசையுறேன்?”

பையைப் பார்த்தபோது வந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்தக் கைக்கு எதிரே எத்தனை ஞாயிறு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குக் கிருமி பற்றிப் பாடம் எடுத்தேன். நகம் வெட்டச் சொன்னேன். போட்டோ எடுத்து லேபிளில் போட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை. என் அறிவியல் மாவோடு நின்றுவிட்டது. மாவை அள்ளிய கையில் ஏறவே இல்லை.

“கையக் கழுவிட்டுத்தான திம்பீக?” என்று முட்டாள்தனமாகக் கேட்டேன்.

“களுவுவோம் மேடம். வெறுந் தண்ணியில. பையவே அஞ்சு தரம் களுவியும் போகலங்கிறீக.” பிறகு, “மாவு பாக்குற மெசின்ல கையப் பாக்க முடியுமா?” என்றார்.

முடியும் என்றேன். வேலை நாள் ஒன்றில் மதியச் சோற்று நேரத்துக்கு, கம்பெனிக்கு வெளியே அவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் வேப்பமரத்தடிக்குச் சுத்தமான தண்ணீரும் பாட்டில்களும் எடுத்துக்கொண்டு போனேன். முதலில் எப்போதும் கழுவுகிற மாதிரி கழுவச் சொன்னேன். கழுவி முடித்து, இனிச் சோற்றில் கைவைக்கலாம் என்கிற நேரத்தில், என் தண்ணீரை ஊற்றி அந்தக் கையைத் திரும்ப அலசி, அலசிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தேன். பாட்டிலில் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. நிறம் இல்லை, வாடையும் இல்லை.

ரிசல்ட்டைத் திரையில் பார்த்துவிட்டு, இயந்திரம் தப்பு என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். அதேதான் வந்தது. என் தங்கை பிள்ளை குடித்த ஒரு கிண்ணம் கஞ்சியில் போயிருக்கக்கூடியதைவிட, அந்தக் கையிலிருந்து ஒரு வேளைச் சோற்றில் போகக்கூடியது பல மடங்கு.

காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே போனேன். தலைவியும் சின்னவளும்தான் இருந்தார்கள். சின்னவள் புது லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். நம்பர் எல்லாம் சொல்லவில்லை, கஞ்சியையும் சோற்றையும் மட்டும் சொன்னேன். தலைவி கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

“சின்னவள இன்னைக்கு வரைக்கும் கம்பெனி வாசல மிதிக்க விட்டதில்ல மேடம்” என்றார். “பெரியவ போனா, நான் போனேன், அவ மட்டும் வேணாம்னு வைராக்கியமா இருந்தேன். சாயங்காலம் வந்ததும் சேலகூட மாத்த மாட்டேன், அவளத் தூக்கி மடியில போட்டு உருண்ட புடிச்சு ஊட்டுவேன். எம்புட்டு வருசம். இந்தக் கைதான். நான் கம்பெனிய வீட்டுக்குத் தூக்கியாந்துல்ல அவ வாயில வச்சிருக்கேன்.”

சின்னவள் லேபிளை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். “எம்மா, எனக்கு ஒண்ணும் இல்லம்மா” என்றாள்.

தலைவி அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “தாயி, அன்னைக்கு உங்க தங்கச்சி மவனுக்கு ஓடிப்போய் ஒரு டெஸ்ட்டு எடுத்தீகளே, அது எங்க எடுக்குறாக? இவளுக்கும் ஒண்ணு எடுத்துப் பாத்துருவமா?”

வண்டிச் சாவியை எடுத்தேன். இருவரையும் ஏற்றிக்கொண்டு விருதுநகருக்கு அதே சாலையில் போனேன். இன்றைக்கு உடம்பில் இருப்பது இன்றைய சோதனையில் தெரியும். பதினைந்து பதினாறு வருடத்துக்கு முன்னால் உருண்டை பிடித்து ஊட்டியதோடு போனது எந்த ஆஸ்பத்திரியிலும், என் ஆய்வகத்திலும்கூடத் தெரியவராது. அது எனக்குத் தெரியும். பக்கத்தில் அவர் இரண்டு கையையும் எதன் மேலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பழைய சோறு டெஸ்ட்டில் தெரியாது என்று ஆஸ்பத்திரி வரும்வரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.